ஜவ்வாது மலையில் இரண்டு சைக்கிள்கள்

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. பால்காரர் கேட்டார். இஸ்திரி போடுகிறவர் கேட்டார். நாத்தனார் போன் போட்டே கேட்டாள். என்னவர் மட்டும் கேட்கவில்லை. "டயர்ல காத்து பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். முப்பது வருஷத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பெரிய சம்மதம் அதுதான்!

விஷயம் இது. 54 வயதான நானும் 28 வயதான என் மருமகளும் ஜவ்வாது மலையைச் சைக்கிளில் கடப்பதென்று தீர்மானித்தோம். வாணியம்பாடிப் பக்கம் ஏறி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் வழியாகப் போய், அந்தப் பக்கம் போளூரில் இறங்குவது. மூன்று நாள் திட்டம். எனக்குச் சர்க்கரை வந்து ஐந்து வருஷமாகிறது. டாக்டர் "உடம்பை அசையுங்கள்" என்று சொன்னபோதுதான் நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன் என்பதை இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கும் வாசகிகள் அறிவீர்கள். கற்றுக்கொண்டேன் என்பது கூடச் சரியில்லை. பன்னிரண்டு வயதில் அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவள்தான் நான். பெரியவளானதும் பாட்டி சைக்கிளைத் தொடக் கூடாது என்றாள். நின்றுபோனதை முப்பத்தேழு வருஷம் கழித்துத் தொடர்ந்தேன், அவ்வளவுதான்.

யோசனை மருமகளுடையது. ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கும்போது, "அத்தை, இதைப் பாருங்களேன்" என்று போனைக் காட்டினாள். இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையில் வின்ஷ்காவ் என்றொரு பள்ளத்தாக்கு. அடிஜே ஆற்றங்கரையோரம் சைக்கிளுக்கென்றே பாதை. இரு பக்கமும் ஆப்பிள் தோட்டம், மேட்டின்மேல் பழைய கோட்டைகள், ரோமானியர் போட்ட சாலையின் தடம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெரானோ என்ற ஊரிலிருந்து மேலே மால்ஸ் வரைக்கும் ரயிலில் போய்விட்டு, அங்கிருந்து ஆற்றோடு இறக்கத்தில் மிதித்து வருகிறவர்கள்தான் அதிகமாம். வெள்ளைக்காரப் பாட்டிகள் எல்லாம் ஜம்மென்று போகிறார்கள்.

"நம்மூர்லயும் மலை இருக்கு, ஆறு இருக்கு, சரித்திரமும் இருக்கு. பாதைதான் இல்ல" என்றேன்.

"பாதை இருக்கு அத்தை. பஸ் போற பாதையில சைக்கிள் போகாதா?"

அப்படி ஆரம்பித்ததுதான்.

முதலில் ஆயத்தம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் என்றதும் எல்லாரும் கியரைப் பற்றிக் கேட்கிறார்கள், சீட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நம் பெண்கள் கால் தரையில் பதிய வேண்டுமென்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறோம். முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். பெடல் கீழே வரும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயமாக இருக்கும், பிறகு பழகிவிடும். உடை விஷயத்தில் நான் சுடிதாருக்கு மாறினேன். புடவைத் தலைப்பு செயினில் சிக்கினால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்ல வேண்டியது. வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து பல பெண்கள் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. மலை ஏறும்போது அப்படி இருந்தால் தலைசுற்றல், தசைப்பிடிப்பு, நீர்க்கடுப்பு எல்லாம் வரிசையாக வரும். நாங்கள் இருவராகப் போனதில் இதுதான் பெரிய சௌகரியம். ஒருத்தி புதர்ப் பக்கம் போனால் மற்றவள் சாலையில் காவல்!

சனிக்கிழமை விடியற்காலை வாணியம்பாடியில் உறவினர் வீட்டிலிருந்து கிளம்பினோம். அவர்கள் வீட்டு அம்மாள் நான்கரை மணிக்கே எழுந்து இட்லி வார்த்துவிட்டார். எனக்கோ பரபரப்பில் வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. ஒரு இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். "சாப்ட்டீங்களா அத்தை?" என்று மருமகள் கேட்டபோது, "ஆச்சும்மா, ஆச்சு" என்றேன்.

இந்தப் பொய்யை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலங்காயம் வரை சுகமான சவாரி. வெயில் ஏறவில்லை. தென்னந்தோப்பு, கரும்பு, அங்கங்கே டீக்கடை. ஆலங்காயம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. வாணியம்பாடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், காவலூர் 700 மீட்டருக்குச் சற்று மேல். ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. சைக்கிளில் மிதிப்பவளுக்கு ஒவ்வொரு மீட்டரும் தெரியும்.

நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். கை நடுங்கியது. மிதித்த களைப்பு என்று நினைத்தேன். பிறகு வியர்த்தது, அதுவும் குளிர்ந்த வியர்வை. முன்னால் போன மருமகளின் சிவப்புப் பை இரண்டாகத் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தால் அவள் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை! எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயர்... சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளை, வண்டி விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

ஓடி வந்தவள் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டாள். அவளுடைய அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. "குளுக்கோஸ் எங்க வச்சீங்க?" என்றாள். குளுக்கோஸ் பாக்கெட் என் பையின் அடியில், மாற்றுத் துணிகளுக்கெல்லாம் கீழே. பையோ கேரியரில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. என்னவர் போட்ட முடிச்சு. அவள் நகம் உடைந்ததே தவிர முடிச்சு அவிழவில்லை. அந்த நேரம் பார்த்து, தலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மாள் காட்டுக்குள்ளிருந்து சாலைக்கு வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டை இறக்கி வைத்தார், இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தார், கயிற்றை ஒரே வெட்டு.

சர்க்கரை உள்ள சகோதரிகள் கவனியுங்கள். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கணையத்தைத் தூண்டும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மிகக் குறைவு. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பசி, பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்தபின் கட்டாயம் ஆகாரம் சாப்பிட வேண்டும். சாக்லேட், கடலை உருண்டை அவசரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பத்திரிதான். உடம்பை வருத்தும் பயணம் போகுமுன் மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்பது அவசியம். எனக்கு அது தெரியும். கேட்டால் "போகாதீர்கள்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

இருபது நிமிஷத்தில் மருமகளின் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. "கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன்.

"காலையில சாப்பிடலதானே?"

நான் பேசவில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, உங்க பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் அத்தை? 'நீதான் கூட்டிட்டுப் போனே'ன்னு உலகமே என்னைத்தானே கேட்கும்?"

அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. கோபம் நியாயம்தான். மாமியார் மலையில் விழுந்தால் பழி யார் தலையில் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை.

விறகுக்கார அம்மாள் எங்களைப் பக்கத்திலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். மலையாளி வகுப்பைச் சேர்ந்தவர். கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆள்கிறவர் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்ததாக இவர்களிடையே கதை வழங்குகிறது. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. புதுக் கயிறு ஒன்று மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொல்லிச் சிரித்தார். வெட்டியது தாமே என்பதை மறந்துவிட்டார் போல!

சாமை பற்றி ஒரு வார்த்தை. இந்த மலையின் பழைய பயிர் அது. நார்ச்சத்து உண்டு, வெள்ளை அரிசியைவிட மெதுவாக ஜீரணமாகும். ஆனால் "சிறுதானியம்தானே" என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதுவும் மாவுச்சத்துதான். அளவு முக்கியம்.

மீதி ஏற்றத்தை ஒரு குட்டியானை வண்டியில் ஏறினோம். பின்னால் சைக்கிள்கள், முன்னால் நாங்கள். ஆல்ப்ஸ்காரர்களுக்கு ரயில், நமக்குக் குட்டியானை! டிரைவர் தம்பி ராத்திரி வரை காத்திருந்து ஜமுனாமரத்தூரில் விடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நம் மாநிலத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? விஞ்ஞானி வைணு பாப்பு நகர வெளிச்சம் எட்டாத இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968ல் சிறிய தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமாயிற்று. 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். அதே இரவில் காவலூரிலும் அந்த நட்சத்திர ஒளி மங்கியது பதிவாகியிருக்கிறது. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இந்த இடம் பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானத்திலும் பெரும் பகுதி தெரியும்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் சிறிய தொலைநோக்கி ஒன்றில் சந்திரனைக் காட்டினார்கள். மருமகள் பார்த்துவிட்டு நகர்ந்தாள். நான் கண்ணை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு. "தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அத்தை" என்று என் தாடையைப் பிடித்து நகர்த்தினாள். பள்ளமும் மேடுமாகச் சந்திரன் பளிச்சென்று வந்தது. அவள் பேசிவிட்டாள் என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

இரண்டாம் நாள் ஜமுனாமரத்தூரைச் சுற்றினோம். பீமன் அருவி, கோமுட்டேரிப் படகு இதெல்லாம் எல்லாரும் பார்ப்பது. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கீழ்செப்பிலிக் கல்திட்டைகள். பலகை பலகையாகக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்து, முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. இரும்புக் காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்காகக் கட்டியவை. ஆள் குனிந்து நுழையும் வீடு போல இருப்பதால் ஊரார் குள்ளர் வீடு என்கிறார்கள். அங்கே வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, ஒரு ஆடு மூடுகல்லின்மேல் நின்று எங்களைப் பார்த்தது. கல்மேல் பெயர் கிறுக்கியிருந்த புண்ணியவான்களை நினைத்து எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இந்தப் பக்கத்து மலைகளுக்கு ரொம்பப் பழைய வழிகாட்டி ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம். செங்கண்மாவை, அதாவது இப்போதைய செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு, எந்தச் சரிவில் எப்படி நடக்க வேண்டும், எங்கே பாம்பு, எங்கே பன்றிப் பொறி, எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்று 583 அடிகளில் சொல்கிறது. அதில் வரும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறக்கிறது. வாத்தியங்களைச் சுமந்து, குடும்பத்தோடு, நடந்தே போன பாட்டில் பெண்கள் கூட்டம்! வேளாவேளைக்கு அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் என்று மருமகள் குத்தினாள்.

டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் மலையின் இன்னொரு பக்கத்தையும் சொன்னார்கள். மழையை நம்பிய விவசாயம், வெளியூர் வேலைக்குப் போகும் ஆண்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்களே, அதில் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் பலர். அதே மலையின் புலியூர்ப் பெண் ஸ்ரீபதி, பிள்ளை பெற்று ஓரிரு நாளிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024ல் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். அந்தப் பெயரைச் சொல்லும்போது கடைக்கார அம்மாளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் சைக்கிளைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளோடு வந்த இரண்டு பெண் குழந்தைகள் போட்டிக்கு அழைத்தார்கள். தோற்றோம்! 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்களாம். அந்த வருஷங்களில் நான் கைக்குழந்தையோடு வீட்டுக்குள் இருந்தேன்.

மூன்றாம் நாள் இறக்கம். போளூர் வரை ஐநூறு மீட்டருக்கும் மேல் கீழே இறங்க வேண்டும். ஏறுவது கஷ்டம், இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறிக் கட்டை தேய்ந்துபோகும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புறத்தான். நாங்கள் ஐந்தாறு இடத்தில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம், ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டேன். காட்டுப் பாதையில் அந்தி சாய்ந்தபின் போக வேண்டாம். கரடி உள்ள காடு.

போளூரிலிருந்து திருமலைக்கும் மிதித்தோம். ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரால் சமணக் கோயில் எழுந்த ஊர். பாறையில் செதுக்கிய நேமிநாதர் பதினாறு அடி உயரம். ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பியதைச் சொல்லும் பாறைக் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது. "பொன்னியின் செல்வன்" குந்தவையை மனசில் வைத்துக்கொண்டு போன எனக்கு, சைவக் குடும்பத்து ராஜகுமாரி சமணருக்கும் கோயில் எடுத்தாள் என்பது புதுச் சேதி. படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று காலை கிளம்புமுன் மருமகள் ஒரு அட்டையை என் ஹேண்டில்பாரில் கட்டியிருந்தாள். நீல மையில், கொட்டை எழுத்தில், "சாப்பிட்ட பிறகு மாத்திரை. குளுக்கோஸ்: முன் கூடையில். கேட்டால் உண்மை சொல்ல வேண்டும்." போளூர் டீக்கடைக்காரர் அதை உரக்கப் படித்துவிட்டு, "யாருங்க எழுதினது, டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, மருமகள்" என்றேன்.

அட்டை இன்னும் சைக்கிளில்தான் இருக்கிறது. மழையில் மை கொஞ்சம் கரைந்திருக்கிறது.